ஒரே ஃபார்முலா, ரெண்டு விதமா எழுதினா ரெண்டு விடை வருது. எது சரி?

மூணாம்பெஞ்ச்:
எல்லாருக்கும் வணக்கம். பைத்தான் கத்துக்கற சாக்குல லாஜிஸ்டிக் மேப்னு ஒன்னு போட்டுப் பாத்தேன். 0க்கும் 1க்கும் நடுவுல ஒரு எண் எடுத்துக்கோ, 4 × எக்ஸ் × (1 − எக்ஸ்) போடு, வர்ற விடையவே திரும்ப எக்ஸா வச்சு மறுபடி போடு, அவ்ளோதான், வேற ஒன்னும் கிடையாது. 0.2ல ஆரம்பிச்சா 0.64, அப்புறம் 0.9216, அப்புறம் 0.28901376, இப்படியே போகுது. இதையே பிராக்கெட்ட பிரிச்சு 4எக்ஸ் − 4எக்ஸ்² னு இன்னொரு லூப்ல ஓட்டினேன், ஸ்கூல் அல்ஜீப்ராதானே, ரெண்டும் ஒன்னுதானே. மொத 30 வரி ரெண்டு காலமும் ஒட்டிப்பொறந்த மாதிரி ஒன்னாவே வருது, 50ஐத் தாண்டி கொஞ்சம் போனதும் ஒன்னு மேல நிக்குது இன்னொன்னு கீழ கிடக்குது, அதுக்கப்புறம் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. கூட இருக்கறவன் "இதுதான்டா கேயாஸ்" னு சொல்லிட்டு போயிட்டான். என் கேள்வி ஒன்னே ஒன்னு: ரெண்டுல எது சரியான விடை?

லூப்பு_லோகு:
பக் இல்ல, பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் ஒரு எண்ண 53 பிட்டுக்குள்ள (பிட்னா 0, 1 மட்டும் வச்சு எழுதற பைனரி இலக்கம்) அடக்கி வைக்குது, நம்ம டெசிமல்ல சொன்னா சுமார் 16 இலக்கம். ஒவ்வொரு பெருக்கலுக்கும் கழித்தலுக்கும் கடைசி இலக்கத்த ரவுண்ட் பண்ணும், பிராக்கெட் வச்சு எழுதினா ஒரு இடத்துல ரவுண்ட் ஆகும், பிரிச்சு எழுதினா வேற இடத்துல. ஆக 16வது இலக்கத்துல ரெண்டு லூப்புக்கும் ஒரு துளி வித்தியாசம் வந்துடும். சாதாரண கணக்குல அந்தத் துளி கடைசி வரைக்கும் துளியாவே கிடக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. இந்த மேப்ல அது சராசரியா ஸ்டெப்புக்கு ஸ்டெப் ரெண்டு மடங்காகுது. 53 பிட்டுக்கு சுமார் 53 ஸ்டெப். நீங்க பாத்த 50 சொச்சம் அங்கேருந்துதான் வருது.

இன்னொன்னு, 0.2 ங்கற எண்ணையே பைனரில முழுசா எழுத முடியாது. நீங்க ஆரம்பிச்சதே 0.2 கிடையாது, அதுக்குப் பக்கத்துல இருக்கற ஏதோ ஒரு எண்.

மூணாம்பெஞ்ச்:
அது சரி லோகு, புரியுது. ஆனா எது சரினு நீங்க சொல்லவே இல்லயே?

கணக்கு_வாத்தி:
ரெண்டும் தப்பு. 60வது வரில ரெண்டுமே உண்மையான விடைய விட்டு எங்கேயோ போயிருக்கும்.

உண்மையான விடைனு ஒன்னு இருக்கா? தாராளமா இருக்கு, அத மட்டும் சந்தேகப்படாதீங்க. 0.2 ஒரு இலக்கம், 0.64 ரெண்டு இலக்கம், 0.9216 நாலு, 0.28901376 எட்டு. ஒவ்வொரு ஸ்டெப்புலயும் டெசிமல் இலக்கம் இரட்டிக்குது, கடைசில ஜீரோ வந்து சுருங்கும்ங்கற பேச்சுக்கே இடமில்ல, ஏன்னா 9216க்கு அப்புறம் கடைசி இலக்கம் 6லயே நின்னுடும் (6 இன்ட்டு 4 இன்ட்டு 4, 96, திரும்பவும் 6). 50வது ஸ்டெப்ப முழுசா எழுதணும்னா 2 அடுக்கு 50 இலக்கம், அதாவது 1,100 லட்சம் கோடிக்கும் மேல. எழுதி வைக்க இடம் கிடையாது, ஆனா எண் என்னவோ ஒரே ஒரு எண்தான், அதுல எந்த மர்மமும் இல்ல.

இப்ப இங்க ஒரு விஷயம் இருக்கு, நெட்ல பாதி பேர் இத சொல்றதே இல்ல. முழு விடை வேணாம், 1000வது ஸ்டெப்போட மொத பத்து இலக்கம் மட்டும் போதும்னு வச்சுக்கோங்க. அதுக்கு 2 அடுக்கு 1000 இலக்கம் தேவையில்ல. ஸ்டெப்புக்கு ஒரு பிட் போகுது, 1000 பிட்னா 301 டெசிமல் இலக்கம் சொச்சம். அதனால 330, 340 இலக்கம் வச்சு கணக்கு போடற லைப்ரரில ஓட்டினா 1000வது ஸ்டெப் சுத்தமா கிடைச்சுடும், ஒரு நொடி கூட ஆகாது. ஆரம்ப எண் துல்லியமா தெரிஞ்சா கேயாஸ் ஒன்னும் தீர்க்க முடியாத பூதம் இல்ல. கைல இருக்கற இலக்கத்த வேகமா தின்னும், அவ்ளோதான்.

ஈயடிச்சான்:
அப்ப இது கம்ப்யூட்டரோட குறைதானே வாத்தியாரே, கணக்குல ஒரு கோளாறும் இல்ல. நல்ல கம்ப்யூட்டர் வந்தா கேயாஸ் காணாம போயிடும். பட்டாம்பூச்சி புயல் கிளப்புதுனு முப்பது நாப்பது வருஷமா படம் காட்டி பொழப்ப ஓட்டிட்டாங்கனு சொல்லுங்க.

வால்நட்சத்திரம்:
இல்லங்க ஈயடிச்சான். ரெண்டு மடங்காகறது கம்ப்யூட்டர்ல இல்ல, அந்த ஃபார்முலாவுக்குள்ளயே இருக்கு. எக்ஸை சைன் ஸ்கொயர் தீட்டானு எழுதிப் பாருங்க. 4 சைன்² காஸ்² வரும், அது சைன் ஸ்கொயர் 2தீட்டா. அதாவது இந்த மேப் மொத்தமா செய்யற வேலையே கோணத்த இரட்டிக்கறதுதான், மேல எக்ஸ்னு ஒரு முகமூடி. கோணத்துல ஒரு துளி தப்பு இருந்தா அது 2, 4, 8, 16 னு பெருகாம வேற என்ன பண்ணும்? பேப்பர்ல போட்டாலும் அதேதான், கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காம இருந்திருந்தாலும் அதேதான்.

வாத்தி சொன்ன 301 இலக்கம் கணக்குப் பரீட்சைக்கு சரி, ஏன்னா அங்க 0.2 னா 0.2 தான். நிஜ உலகத்துல ஆரம்ப எண்ண யாரும் கைல கொடுக்கறதில்ல, அளந்து எடுக்கணும். 301 இலக்கத்துக்கு எதையும் அளக்க முடியாது, பத்து இலக்கம் வந்தாலே பெரிய சாதனை. அளக்கற கருவிய ஆயிரம் மடங்கு துல்லியமாக்கினா எவ்ளோ லாபம் வரும்னு போட்டுப் பாருங்க, 2 அடுக்கு 10 னா 1024, அப்போ பத்தே பத்து ஸ்டெப் கூட. இன்னொரு ஆயிரம் மடங்கா? இன்னொரு பத்து. உழைப்பு பெருக்கல்ல போகும், பலன் கூட்டல்ல வரும். கேயாஸ்னா என்னனு யாராவது கேட்டா நான் பட்டாம்பூச்சிய எடுக்கவே மாட்டேன், இந்தக் கணக்கத்தான் சொல்வேன்.

பட்டாம்பூச்சி பத்தி ஒரே ஒரு வரி, ஏன்னா அத எல்லாரும் கைமா பண்ணி வச்சிருக்காங்க. வானிலை விஞ்ஞானி லோரன்ஸ் 1972ல பேசின பேச்சோட தலைப்பு ஒரு கேள்வி: பிரேசில்ல ஒரு பட்டாம்பூச்சி சிறகடிச்சா டெக்சஸ்ல சூறாவளி கிளம்புமா? அந்தத் தலைப்பையும் அவர் வைக்கல, கூட்டம் ஏற்பாடு பண்ண மெரிலீஸ் வச்சது. பேச்சுல அவர் சொன்னது என்னன்னா, ஒரு சிறகடிப்பு சூறாவளிய உண்டாக்க முடியும்னா அதே அளவுக்கு வரவேண்டிய சூறாவளிய தடுக்கவும் முடியும். பூச்சிதான் காரணம்னு அவர் சொல்லவே இல்ல.

லூப்பு_லோகு:
மூணாம்பெஞ்ச், கோணத்த இரட்டிக்கறதுனு வால் அக்கா சொன்னாங்கல்ல, அத அப்படியே கோட் பண்ணிப் பாருங்க, ஒரு கூத்து இருக்கு. எக்ஸை ரெண்டால பெருக்கு, 1ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 1ஐக் கழிச்சுடு. இதுக்கு டபுளிங் மேப்னு பேரு. 0.1ல ஆரம்பிங்க. கைல போட்டா 0.1, 0.2, 0.4, 0.8, 0.6, திரும்ப 0.2, அப்படியே காலத்துக்கும் சுத்திக்கிட்டே இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டு வந்து என்ன வந்துச்சுனு சொல்லுங்க.

மூணாம்பெஞ்ச்:
55வது ஸ்டெப்ல 0 னு வந்துடுச்சு!! அதுக்கப்புறம் 0, 0, 0 தான். வேற எண் போட்டாலும் அதே கதி. பெரிய கேயாஸ்னு சொன்னீங்க, இது செத்துப் போச்சு.

கணக்கு_வாத்தி:
லோகு நல்ல இடத்துல கொண்டு வந்து விட்டிருக்கார், இத கொஞ்சம் நின்னு பாக்கலாம், ஏன்னா மொத்த சப்ஜெக்ட்டும் இங்கதான் இருக்குனு எனக்குத் தோணுது.

எண்ண பைனரில எழுதிக்கோங்க. ரெண்டால பெருக்கறதுனா புள்ளிய ஒரு இடம் வலப்பக்கம் தள்றது. 1ஐக் கழிக்கறதுனா புள்ளிக்கு இடப்பக்கம் வந்த பிட்ட தூக்கிப் போடறது. ஆக ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முன்னாடி இருக்கற ஒரு பிட் போயிடும், மிச்சம் ஒரு இடம் முன்னாடி நகரும். வேற எந்த வேலையும் நடக்கல, எதுவும் புதுசா உற்பத்தி ஆகல. இந்த மேப் காட்டற அத்தனை தாறுமாறும் நீங்க ஆரம்பத்துல கொடுத்த எண்ணோட பிட் வரிசையிலதான் இருந்துச்சு, மேப் அத ஒவ்வொன்னா படிச்சு வெளிய விடுது. முடிவில்லாம பிட் இருக்கற எண்ணக் கொடுத்தா முடிவில்லாம ஆடும். கம்ப்யூட்டர் கொடுக்கற எண்ணுல 53 பிட்தான் இருக்கு, அது தீர்ந்ததும் பின்னாடி ஜீரோதான், அதனால 0ல போய் விழுது. ரெண்டால பெருக்கறப்ப ரவுண்டிங் தப்பு கூட வராதுங்கறதுதான் இதுல வேடிக்கை, கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணாம செஞ்சதாலதான் செத்துப் போச்சு.

அப்ப லாஜிஸ்டிக் மேப் மட்டும் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? அங்க ஒவ்வொரு ஸ்டெப்லயும் ரவுண்டிங் நடக்குது, ரவுண்டிங் கடைசி இடத்துல புது பிட்ட திணிச்சுக்கிட்டே இருக்கு. திரையில 100வது வரில நீங்க பாக்கற எண்ணுக்கும் 0.2க்கும் ஒட்டு உறவே இல்ல, நடுவுல வந்த ரவுண்டிங் தப்புகளோட வாரிசு அது.

ஈயடிச்சான்:
அதத்தானே நானும் கேக்கறேன். திரையில வர்றது பூரா ரவுண்டிங் குப்பைனா, கேயாஸ் படம்னு போட்டு வச்சிருக்கற அத்தனையும் குப்பைதானே? லோரன்ஸ் போட்ட அந்த ரெண்டு சிறகு படம் உட்பட.

கணக்கு_வாத்தி:
இந்தக் கேள்வி நியாயமான கேள்விதான், பெரிய ஆளுங்களே கேட்டிருக்காங்க. பதில் ரெண்டு பாகமா இருக்கு.

ஒன்னு, நிழல். கம்ப்யூட்டர் போட்ட பாதை 0.2ல கிளம்பற பாதை இல்லதான், ஆனா 0.2க்கு மயிரிழை தள்ளி இருக்கற வேற ஏதோ ஒரு எண்ணுல கிளம்பற உண்மையான பாதைய அது ஒட்டிக்கிட்டே போகலாம். அனோசோவும் போவனும் சில நல்ல குணம் உள்ள சிஸ்டத்துக்கு இத தேற்றமாவே நிரூபிச்சாங்க, ஷேடோவிங் னு பேரு. லாஜிஸ்டிக் மேப் அந்த நல்ல பிள்ளைங்க லிஸ்ட்ல வராது. ஆனா 1987ல ஹாமல், யார்க், கிரெபோகி மூணு பேரும் ஆர் 3.8ல ஓட்டின ஒரு கம்ப்யூட்டர் பாதைக்கு, ஒரு கோடி ஸ்டெப் வரைக்கும் பக்கத்துலயே ஒரு உண்மையான பாதை கூட வருதுனு கம்ப்யூட்டர வச்சே கறாரா நிரூபிச்சாங்க. (ஆர் னா நம்ம 4 இருக்கற இடம்.) அதனால குப்பைனு தள்ள முடியாது. நீங்க கேட்ட பாதை இல்ல, பக்கத்து வீட்டுப் பாதை.

ரெண்டாவது, எந்தக் கேள்விய கேக்கறோம்ங்கறது. மூணாம்பெஞ்ச், உங்க ரெண்டு லூப்பையும் ஒரு பத்து லட்சம் ஸ்டெப் ஓட விட்டு, 0லருந்து 1 வரைக்கும் பத்து டப்பாவா பிரிச்சு எந்த டப்பால எத்தனை தடவை விழுதுனு எண்ணிட்டு வாங்க.

மூணாம்பெஞ்ச்:
எண்ணிட்டேன். மொத டப்பால 20.5 சதவீதம், கடைசி டப்பாலயும் 20.5, அதுங்களுக்கு அடுத்த ரெண்டுல 9, நடுவுல இருக்கறதுல எல்லாம் 6, 7 தான். முக்கியமா ரெண்டு லூப்புக்கும் ஒரே படம்!! வரிக்கு வரி சம்பந்தமே இல்லாத ரெண்டும் மொத்தமா எண்ணினா ஒன்னா வருது, எப்படி?

கணக்கு_வாத்தி:
வால்நட்சத்திரம் போட்ட முகமூடிய கழட்டினா போதும். கோணத்த இரட்டிச்சுக்கிட்டே போனா கோணம் எல்லா இடத்துலயும் சமமா பரவும். அத திரும்ப எக்ஸா மாத்தினா சைன் ஸ்கொயர் ரெண்டு ஓரத்துலயும் மெதுவா நகரும், நடுவுல வேகமா ஓடும், அதனால ஓரத்துல கூட்டம். மொத டப்பாவுக்கு கணக்கு 2/பை × ஆர்க்சைன்(√0.1), போட்டா 0.2048. நீங்க எண்ணின 20.5 அதேதான். இத உலாமும் ஃபான் நாய்மனும் 1947லயே கவனிச்சு வச்சிருக்காங்க, இந்த மேப்ப ரேண்டம் எண் தயாரிக்க பயன்படுத்தலாமானு யோசிச்சவங்க அவங்க.

ஆக 60வது எண் என்னனு கேட்டா அந்தக் கம்ப்யூட்டருக்கு பதில் தெரியாது. பத்து லட்சத்துல எத்தனை 0.1க்கு கீழனு கேட்டா, ரவுண்டிங்ல பாதி தப்பா போட்டாலும் சரியா சொல்லும். மொத கேள்விக்கு பதில் வரலங்கறத மட்டும் பாத்துட்டு எல்லாமே குப்பைங்கறது அவசரம்.

நேர்கோடு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அப்ப கேயாஸ்னா ரேண்டம்னு எடுத்துக்கலாமா? ஷேர் மார்க்கெட்ல கூட இது இருக்குனு ஒரு வீடியோ பாத்தேன், அத வச்சு விலைய கணிக்கலாமா?

நெறியாளர்:
ஷேர் மார்க்கெட் இங்க வேண்டாம், அதுக்கு வேற பகுதி இருக்கு. ரேண்டம் கேள்விக்கு பதில் சொல்றவங்க சொல்லலாம்.

வால்நட்சத்திரம்:
ரேண்டம் இல்ல. தாயக்கட்ட உருட்டறதுல அடுத்தது என்னனு விதி சொல்லாது, இங்க அடுத்தது என்னனு விதி கறாரா சொல்லுது, ஒரே எண்ணுல கிளம்பினா நூறு தடவை ஓட்டினாலும் அதே பாதைதான்.

அது மட்டும் இல்ல, இந்த கலவரத்துக்கு நடுவுல ஒழுங்கும் கிடக்கு. சைன் ஸ்கொயர் (பை/7)ல கிளம்புங்க, அதாவது 0.1883 சொச்சம். அடுத்தது 0.6113, அடுத்தது 0.9505, அடுத்தது திரும்ப 0.1883. மூணே எண்ணுக்குள்ள காலத்துக்கும் சுத்தும். இது மாதிரி 5 எண்ணுல சுத்தறது, 17 எண்ணுல சுத்தறது, கோடி எண்ணுல சுத்தறதுனு எல்லாமே இருக்கு, அதுவும் எங்கேயோ மூலைல இல்ல, நீங்க எந்தப் புள்ளிய தொட்டாலும் அதுக்குப் பக்கத்துலயே ஒன்னு இருக்கும். ஆனா எதுலயும் நிக்க முடியாது, இம்மி நகர்ந்தா தூக்கி எறிஞ்சுடும். கம்ப்யூட்டர்ல பை/7 போட்டு ஓட்டிப் பாருங்க, கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையா சுத்திட்டு அப்புறம் கிளம்பிடும்.

ஈயடிச்சான்:
விதி இருக்கு ஆனா சின்ன தப்பு பெருசாகும், இதானே டெஃபனிஷன்? அப்ப எக்ஸை ரெண்டால பெருக்கிக்கிட்டே போ, கழிக்கவே வேணாம், 1, 2, 4, 8. இதுலயும் தப்பு ரெண்டு மடங்கு ஆகுதே. இதுவும் கேயாஸா? வட்டிக்கு வட்டி போடறவன் எல்லாம் கேயாஸ் தியரி பண்றானா?

கணக்கு_வாத்தி:
சபாஷ், சரியான உதாரணம். அது கேயாஸ் இல்ல. தப்பு பெருகுது, ஆனா எண் ஓடிப் போயிடுது, திரும்பி வர்றதே இல்ல. ரப்பர் பட்டைய இழுத்துக்கிட்டே போனா நீளமாகும், அவ்ளோதான். இழுத்து, மடிச்சு, திரும்ப அதே இடத்துக்குள்ள வச்சு, மறுபடி இழுத்தாதான் பக்கத்துல இருந்த ரெண்டு புள்ளி எங்கெங்கேயோ போய் கலக்கும். டபுளிங் மேப்ல 1ஐக் கழிக்கறோமே, அதுதான் திரும்ப உள்ள கொண்டு வர்ற வேலைய பண்ணுது. லாஜிஸ்டிக்ல (1 − எக்ஸ்) அதப் பண்ணுது.

டெவனி 80கள்ல தன் பாடப்புத்தகத்துல மூணு நிபந்தனை போட்டார்: ஆரம்பத்துல வர்ற சின்ன வித்தியாசம் பெருசாகணும், எந்த மூலைல கிளம்பினாலும் எந்த மூலைக்கும் போற பாதை இருக்கணும், சுத்தி சுத்தி வர்ற புள்ளிங்க எல்லா இடத்துலயும் நெருக்கமா பரவி இருக்கணும். 1992ல பேங்க்ஸும் கூட நாலு பேரும் சேர்ந்து ஒரு சின்ன கட்டுரை எழுதினாங்க, பின்னாடி ரெண்டும் இருந்தா மொத நிபந்தனை தானா வந்துடும்னு நிரூபிச்சு. ஊரெல்லாம் பட்டாம்பூச்சி பட்டாம்பூச்சினு பேசற அந்த நிபந்தனைய தனியா எழுதவே வேணாம்! எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

வால்நட்சத்திரம்:
வாத்தி, கணக்குக்காரங்களுக்கு அது அழகு. ஒரு நிஜ சிஸ்டத்த எடுத்துட்டு வந்து "சுத்தற புள்ளிங்க நெருக்கமா இருக்கானு பாரு" னா நான் எங்க போய் பாக்கறது? எங்க ஆளுங்க லியாபுனோவ் எண்ண கணக்கு போடுவோம், ஒரு ஸ்டெப்புக்கு இல்லன்னா ஒரு நொடிக்கு தப்பு என்ன வேகத்துல பெருகுதுனு. பாசிட்டிவா இருந்து, சிஸ்டமும் ஓடிப் போகாம ஒரு எல்லைக்குள்ள அடங்கி இருந்தா கேயாஸ்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாப்போம். நம்ம மேப்புக்கு அது லாக் 2, அதாவது 0.693.

கணக்கு_வாத்தி:
அளந்து ஒரு பாசிட்டிவ் எண் வந்துச்சுனு சொல்றது வேற, அங்க கேயாஸ் இருக்குனு நிரூபிக்கறது வேற. லோரன்ஸ் 1963ல போட்ட மூணு ஈக்வேஷனுக்கு திரையில தெரியற அந்த ரெண்டு சிறகு விசித்திரப் பொருள் நிஜமாவே இருக்குனு நிரூபிக்க 1999 வரைக்கும் ஆச்சு, டக்கர் பண்ணார், அதுவும் ரவுண்டிங் தப்பு ஒவ்வொன்னுக்கும் வரம்பு கட்டி கம்ப்யூட்டர வச்சு. 36 வருஷம் உலகம் பூரா படம் போட்டுக்கிட்டு இருந்தீங்க, இருக்கானு தெரியாமயே.

வால்நட்சத்திரம்:
படம் சரியாத்தானே இருந்துச்சு. ;-)

நேர்கோடு:
நிஜ உலகத்துல எங்க இருக்குனு ஒரு உதாரணம் கொடுங்களேன், வானிலை தவிர. அத கேட்டு கேட்டு காது புளிச்சுடுச்சு.

வால்நட்சத்திரம்:
சூரியக் குடும்பம். நியூட்டன் விதிதான், கடிகாரம் மாதிரி ஓடுதுனு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்த இடம். 1989ல லாஸ்கர் கணக்கு போட்டு, உள்பக்க கிரகங்களோட பாதைல தப்பு சுமார் 50 லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறக்குறைய மூணு மடங்காகுதுனு காட்டினார். அதோட அர்த்தம் என்னன்னா, பூமி இன்னைக்கு இருக்கற இடத்துல 15 மீட்டர் தப்பா அளந்தீங்கனா 1 கோடி வருஷம் கழிச்சு தப்பு 150 மீட்டர்தான், ஒன்னுமே இல்ல. 10 கோடி வருஷம் கழிச்சு தப்பு 15 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கற தூரமே அவ்ளோதான், அதாவது பூமி அப்ப பாதைல எந்தப் பக்கம் இருக்கும்னு சொல்ல வழியே இல்ல.

வால் முளைச்ச கதை இன்னும் இருக்கு. 2009ல லாஸ்கரும் காஸ்டினோவும் 2501 சூரியக் குடும்பத்த கம்ப்யூட்டர்ல ஓட்டினாங்க, எல்லாம் ஒன்னுதான், புதன் பாதைல மட்டும் ஒன்னுக்கொன்னு இம்மி வித்தியாசம், மொத்தமா சேர்த்தாலும் ஒரு மீட்டருக்குள்ள. 500 கோடி வருஷம் ஓட்டிப் பாத்தா சுமார் 1 சதவீதத்துல புதனோட பாதை கன்னாபின்னானு நீண்டு போச்சு, வெள்ளியோடயோ சூரியனோடயோ மோதற அளவுக்கு. எந்த ஒன்னு நம்ம சூரியக் குடும்பம்னு கேக்காதீங்க. மேல மூணாம்பெஞ்ச் டப்பால எண்ணினாரே, அதே வேலைதான் இது. வானிலைக்காரங்களும் 1992லருந்து இததான் பண்றாங்க, ஒரே முன்னறிவிப்பு ஓட்டாம ஆரம்பத்த கொஞ்சம் கொஞ்சம் ஆட்டி பல தடவை ஓட்டி, எத்தனைல மழை வருதுனு எண்ணுவாங்க, ஐரோப்பிய மையத்துல இப்ப 51 ஓட்டம். (வானிலை வேணாம்னீங்க, வாய் சும்மா இருக்கல.)

ஈயடிச்சான்:
500 கோடி வருஷம் கழிச்சு யார் வந்து சரிபாக்கப் போறா, அந்த தைரியம்தான்.

வால்நட்சத்திரம்:
சரி, இப்பவே பாக்கணும்னா சனியோட ஹைபீரியன் நிலாவ பாருங்க. உருளைக்கிழங்கு கணக்கா கோணல் வடிவம், பாதையும் நீள்வட்டம். விஸ்டமும் கூட ரெண்டு பேரும் 1984ல இது தாறுமாறா உருளும்னு சொன்னாங்க, அப்புறம் அதோட வெளிச்சம் ஏறி இறங்கறத அளந்து பாத்தப்ப ஒழுங்கான சுழற்சி எதுவும் அகப்படல. ஹைபீரியன்ல ஒரு நாள் எத்தனை மணி நேரம்னு கேட்டா பதில் கிடையாது.

மூணாம்பெஞ்ச்:
வாத்தி சார், 4க்கு பதிலா வேற எண்ணு போட்டு விளையாடிக்கிட்டு இருந்தேன். 3க்கு கீழ ஒரே எண்ணுல போய் நிக்குது, 3ஐத் தாண்டினா ரெண்டு எண்ணு மாறி மாறி, 3.45 பக்கம் நாலு, அப்புறம் எட்டு, 3.57க்கு மேல கலவரம். இதெல்லாம் படிச்ச மாதிரியே வருது. ஆனா 3.83 போட்டா கலவரம் பூரா அடங்கி மூணே எண்ணு, 0.156, 0.505, 0.957 னு சுத்துது, எங்க கிளம்பினாலும் அங்கதான் போய் சேருது. "பீரியட் மூணு இருந்தா கேயாஸ்" னு ஒரு தேற்றம் இருக்குனு படிச்சேன். இங்க பீரியட் மூணு இருக்கு, கேயாஸ் எங்க?

கணக்கு_வாத்தி:
நல்லா மாட்டிவிட்டீங்க. அது லீயும் யார்க்கும் 1975ல போட்டது. சார்கோவ்ஸ்கி 1964லயே அதவிட பெருசா நிரூபிச்சிருந்தார், மூணு ஸ்டெப்ல சுத்தறது ஒன்னு இருந்தா எல்லா எண்ணிக்கைலயும் சுத்தறது இருக்கும்னு, மேற்கத்திக்காரங்களுக்கு அது அப்ப தெரியாது.

தேற்றம் 3.83லயும் உண்மைதான். 5ல சுத்தறது, 17ல சுத்தறது, கண்டபடி அலையற கணக்கில்லாத புள்ளிங்க, எல்லாம் உள்ள இருக்கு. ஆனா அத்தனையும் சேர்த்தா நீளம் பூஜ்யம். கண்ண மூடிக்கிட்டு ஒரு எண்ண எடுத்தா அதுல ஒன்னு மாட்ட வாய்ப்பே கிடையாது, மிச்ச எல்லா புள்ளியும் அந்த மூணு எண்ணுக்கு போயிடும். திரையில ஆரம்பத்துல கொஞ்ச நேரம் தடுமாறிட்டு அப்புறம் மூணுல அடங்கும் பாருங்க, அந்த தடுமாற்றம்தான் கேயாஸ் பக்கத்துல உரசிட்டு வர்றது. தேற்றம் "இருக்கு" னு சொல்லுச்சு, "தெரியும்" னு சொல்லல.

லூப்பு_லோகு:
அப்ப 3.9? திரையில நல்லா கலவரமா தெரியுதே, அத நம்பலாமா? இல்ல பத்து லட்சம் எண்ணுல சுத்தற ஏதோ ஒன்னா இருந்து நமக்குத்தான் தெரியலயா?

கணக்கு_வாத்தி:
படத்த மட்டும் பாத்து சொல்ல முடியாது லோகு. 3.83 மாதிரி அமைதியான ஜன்னல் எங்கெங்க இருக்குனு கேட்டா, எல்லா இடத்துலயும். கலவரம் இருக்கற எந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலயும் ஒரு ஜன்னல் உண்டு, எவ்ளோ கிட்ட கிட்ட எடுத்தாலும். 90கள்ல லியூபிச் ஒரு பக்கம், கிராச்சிக்கும் ஸ்வியாதெக்கும் ஒரு பக்கம் இத நிரூபிச்சாங்க, பயங்கரமான கணக்கு. அப்ப கலவரத்துக்கு இடமே மிச்சம் இல்லயேனு நெனைப்பீங்க. அதுதான் இல்ல, 1981ல யாக்கப்சன் நிரூபிச்சது என்னன்னா, ஜன்னல் எல்லாத்தையும் வெட்டி எடுத்த பிறகும் மிச்சம் இருக்கற கலவர எண்ணுங்களுக்கு மொத்தமா பூஜ்யத்துக்கு மேல நீளம் இருக்கு. எங்கேயும் நெருக்கமா ஜன்னல், ஆனாலும் கலவரம் பாக்கி.

அதனால ஆர் மதிப்ப கண்ண மூடிக்கிட்டு எடுத்தா கலவரம் கிடைக்க நிஜமாவே வாய்ப்பு உண்டு. ஆனா 3.9 ங்கற அந்த ஒரு குறிப்பிட்ட எண் எந்தப் பக்கம்னு திரையில ஓட்டிப் பாத்து முடிவு பண்ண முடியாது. ஜன்னல் ரொம்ப மெல்லிசா இருந்து, சுத்து ரொம்ப நீளமா இருந்தா, ரவுண்டிங் தப்பே அத மறைச்சுடும்.

லூப்பு_லோகு:
கம்ப்யூட்டர்ல இருக்கற எண்ணே எண்ணி முடியற அளவுதான், அப்ப எந்த ஆர் போட்டாலும் என்னைக்காவது ஒரு நாள் வந்த எண்ணே திரும்ப வந்துதானே ஆகணும். ஆக மெஷின்ல எல்லாமே சுத்துதான்.

கணக்கு_வாத்தி:
ஆமா. 4 உட்பட.

மூணாம்பெஞ்ச்:
சிங்கிள் பிரிசிஷன்ல வச்சு ஓட்டினா அந்த சுத்து எவ்ளோ நீளம்னு எண்ணிடலாம்ல? 32 பிட்தானே. இன்னைக்கு ராத்திரி ஆர் 4க்கும் 3.9க்கும் ஓட விடறேன், பிராக்கெட் வச்சது ஒன்னு, பிரிச்சது ஒன்னு.

லூப்பு_லோகு:
ராத்திரி பூரா எதுக்கு. ஆமை முயல் அல்காரிதம் போடுங்க, ஒன்னு ஒரு ஸ்டெப், இன்னொன்னு ரெண்டு ஸ்டெப், ரெண்டும் சந்திச்சா சுத்து மாட்டிடும். ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஆரம்ப எண்ணுக்கு ஆரம்ப எண் வேற வேற சுத்துல விழலாம், அதனால ஒரு ஆயிரம் இடத்துலருந்து கிளப்பி விடுங்க, எது எதுல விழுதுனு டேபிள் போட்டு இங்க ஒட்டுங்க.